ஓடாத இலவச டிவியைக் காயலான் கடையிலும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், எங்கே கொடுப்பது?

தறிவீடு எழுதியது:

அம்மா இருந்த வீட்டை வாடகைக்கு விடலாம் என்று போன வாரம் காலி செய்தோம். பரணிலிருந்து இறக்கியதெல்லாம் திண்ணையில் கிடக்கிறது. 14 அங்குல டிவி ஒன்று, 2008 வாக்கில் ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த இலவச டிவி, ஆறேழு வருடமாக ஓடவில்லை. தம்பி பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப், அதன் பேட்டரி வீங்கிப்போய் கீபோர்டையே மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி, இரண்டு மிக்ஸி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய பியூஸ் போன சிஎஃப்எல் பல்பு, சார்ஜர் வயர் ஒரு கட்டு.

வழக்கமாக வரும் காயலான் கடை அண்ணனைக் கூப்பிட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்ததும் நல்ல விலை சொல்லி முதலில் அதைத்தான் வண்டியில் ஏற்றினார். மிக்ஸியும் வயரும் எடைக்குப் போயின. டிவியை மட்டும் தொடவே இல்லை. "இதை நீங்களே உடைச்சு பின்னாடி இருக்கற காயிலை மட்டும் எடுத்து வைங்க, அடுத்த தடவை வாங்கிக்கறேன், கண்ணாடி எனக்கு வேண்டாம்" என்றார். குப்பை வண்டிக்காரரும் மறுத்துவிட்டார், அவர் மேல் தவறில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனியின் இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு மூன்று நாள் போன் செய்தேன், கடைசியில் ஒருவர் எடுத்து, "உங்கள் ஊருக்கு எங்கள் வண்டி வராது, சென்னைக்குக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம்" என்றார்.

எனக்கு இரண்டு கேள்விகள். இதை எப்படித்தான் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது? அப்புறம், மின்கழிவுக்குச் சட்டம் இருக்கிறது என்று படித்திருக்கிறேனே, அந்தச் சட்டப்படி என் வீட்டுத் திண்ணைக்கு வந்து இதை எடுக்க வேண்டியவர் யார்?

---

நெல்லைத்தாமிரம்:

முதலில் அந்த லேப்டாப் பேட்டரி. சார்ஜில் போடவே போடாதீர்கள், சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக்கூட. அழுத்தவோ குத்தவோ கூடாது. எளிதாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, முனைகளில் செல்லோடேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். கழற்ற வரவில்லை என்றால் லேப்டாப்போடு அப்படியே மணல்மேல் வைத்துவிடுங்கள்.

சிஎஃப்எல் பல்புக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே இருங்கள், விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தடிமனான அட்டையால் அள்ளி, துகள்களை டேப்பில் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போடுங்கள்.

சட்டம் பற்றித் தெரிந்தவர்கள் வருவார்கள்.

---

பற்றாசு:

முப்பது வருடம் டிவி மெக்கானிக் வேலை பார்த்தவன் சொல்கிறேன் அம்மா, டிவிக்குள் இருக்கும் அந்த பிக்சர் டியூபைத் தயவுசெய்து நீங்கள் உடைக்காதீர்கள். அந்தக் கடைக்காரர் சொன்ன "காயில்" என்பது டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக். அதில் கையளவு செம்பு இருக்கும், டியூபின் விளிம்பைச் சுற்றி ஓடும் வளையத்தில் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான் அவருக்கு அதில் காசு. அதை எடுக்க அவசரப்படுகிறவர்கள் கழுத்தை ஒரு தட்டுத் தட்டுவார்கள். உள்ளே வெற்றிடம், அதனால் காற்று உஸ்ஸென்று இழுத்துக்கொண்டு போகும், சில நேரம் டியூபே உள்வாங்கி வெடித்துக் கண்ணாடி நாலு பக்கமும் தெறிக்கும். என் கடைப் பையன் ஒருவனுக்குப் புருவத்துக்கு மேல் ஏழு தையல் போட்டோம், கண் தப்பியது.

வெட்டுக்காயம் ஆறிவிடும். ஆறாதது கண்ணாடியில் இருக்கிறது. முன்பக்கக் கண்ணாடி வேறு, பின்னால் கூம்பாக இருப்பது வேறு. அந்தக் கூம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு, எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காகக் கலந்தது. முழு டியூபாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. பொடிப்பொடியாக உடைந்து வருடக்கணக்கில் மண்ணிலும் மழையிலும் கிடந்தால்தான் வினை. முகத்துக் கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்கும், அது பாஸ்பர், அதையும் மூச்சில் இழுக்கக்கூடாது. நாங்கள் அந்தக் காலத்தில் வெறும் கையால் துடைத்துவிட்டு அதே கையால் டீ குடித்தோம், யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் முள்ளுக்காட்டுக்கு நடுவே இந்தக் கண்ணாடி குவியலாகக் கிடக்கிறது. கழுத்து உடைந்த டியூப்கள், கிட்டத்தட்ட எல்லாமே 14 அங்குலம். 2006-இல் தொடங்கி 2011 வரை சுமார் 1.6 கோடி வீடுகளுக்கு அந்த டிவி போனது. நானே எத்தனை வீட்டில் அதற்கு ஆண்டெனா கட்டிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி வந்த அன்று தெருவே கூடி நின்று பார்த்த வீடுகள் உண்டு. திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கொடுப்பதற்கு அத்தனை லாரி ஓடியதே, திரும்ப எடுப்பதற்கு ஒரு லாரிகூட வரவில்லை என்பது அந்த ஏரிக்கரையைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

---

பச்சைபோர்டு:

நான் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை ஒன்றில் வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

இலவச டிவி கொடுத்து முடிந்தது 2011. இந்தியாவின் முதல் மின்கழிவு விதிகள் அறிவிக்கப்பட்டதும் அதே 2011-இல்தான், நடைமுறைக்கு வந்தது 2012 மே 1. பொருளை விற்றவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்ற கொள்கை அப்போது வந்தது, இ.பி.ஆர். என்பார்கள். 2016 விதிகள் அதை இன்னும் இறுக்கின, சிஎஃப்எல் பல்பையும் பட்டியலில் சேர்த்தன. சேகரிப்பு மையம் வைப்பது, பழையதைத் திரும்ப வாங்குவது, அதற்கு ஏற்பாடு செய்வது எல்லாம் உற்பத்தியாளரின் கடமை என்று அதில் எழுதியிருந்தது. சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், பல மையங்கள் காகிதத்தில்தான் இருந்தன. ஆனால் கேள்வி கேட்க ஒரு வரியாவது இருந்தது.

இப்போது நடப்பில் இருப்பவை 2022 விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல். முன்பு இருபதுக்குச் சற்று மேல் இருந்த பொருள்கள் 106 ஆகிவிட்டன, அது நல்ல விஷயம். இலக்கும் பெரியது. ஒரு கம்பெனி விற்ற பொருளின் சராசரி ஆயுளைக் கணக்கிட்டு, அத்தனை வருடம் முன்பு விற்ற எடையில் முதல் இரண்டு வருடம் 60 சதவீதம், அடுத்த இரண்டு வருடம் 70, 2027-28 முதல் 80 சதவீதம் மறுசுழற்சி ஆகியிருக்க வேண்டும். ஆனால் கம்பெனி அதைத் தானே சேகரிக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற ஆலை மறுசுழற்சி செய்ததற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும், கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்கில் காட்டினால் கடமை முடிந்தது. சேகரிப்பு மையம் என்று தனியாக இப்போது பதிவு கிடையாது. பிரித்தெடுப்பவர் என்ற பதிவும் போய்விட்டது. உற்பத்தி செய்பவர், தன் பிராண்டு பெயரில் விற்கும் கம்பெனி, பழுது நீக்கி மறுபடி விற்பவர், மறுசுழற்சி செய்பவர், இந்த நான்கு பேர்தான் பதிவு செய்ய முடியும்.

இன்னொன்றும் உண்டு, இது வெளியே பலருக்குத் தெரியாது. சான்றிதழ் எதற்குக் கிடைக்கும் என்றால் மீட்டெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு இவற்றுக்கு. கண்ணாடிக்குக் கிடையாது. ஒரு டியூப் டிவியின் எடையில் பெரும்பகுதி கண்ணாடிதான். முன்பு பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்வார்கள், அந்த ஆலைகள் எல்லாம் மூடிவிட்டன. இப்போது ஈயக் கண்ணாடி எங்களுக்கு வெறும் செலவு, முறையாக அப்புறப்படுத்த நாங்கள்தான் பணம் கட்ட வேண்டும். அதனால்தான் காயலான் கடை அண்ணனும் வேண்டாம் என்கிறார், நாங்களும் மனதுக்குள் வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம். சட்டம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் எல்லோரும் பொறுக்குவார்கள்.

சான்றிதழ் விலையும் ஒரு தகராறு. நேர்மையாகச் சேகரித்து, ஏற்றி இறக்கி, அமிலப் புகையைச் சுத்திகரித்து வேலை செய்தால் ஆகும் செலவுக்குக் கீழே சான்றிதழ் விற்றால், யாரோ ஒருவர் எங்கோ ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். அதனால் 2024-இல் வீட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று வரையறுத்தார்கள். அதை எதிர்த்து 2025-இல் சில பெரிய கம்பெனிகள் தில்லி உயர் நீதிமன்றம் போயின. பிளாஸ்டிக் கழிவில் இதே மாதிரிச் சான்றிதழ் முறையில் ஆறு லட்சம் அளவுக்குப் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன, அதை மறக்கக்கூடாது.

ஆக, உங்கள் திண்ணைக்கு வரவேண்டியவர் யார் என்ற கேள்விக்கு, கம்பெனியின் பெயரைச் சொல்லி "நீதான் வரவேண்டும்" என்று கேட்க இன்றைய விதிகளில் தெளிவான வரி இல்லை. உள்ளாட்சிக்கு உண்டு, அதைப் பற்றிக் கீழே யாராவது எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன்.

---

கார்த்திகைமழை:

இவ்வளவு பேச்சே வேண்டாம். காயலான் கடையில் மின்கழிவு வாங்கினால் கடைக்குச் சீல் என்று ஒரு உத்தரவு போட்டால் ஒரே மாதத்தில் எல்லாம் ஆலைக்குப் போய்விடும். வயரை எரிக்கிறவர்களும் அமிலத்தில் சர்க்யூட் போர்டு கழுவுகிறவர்களும் அங்கிருந்துதானே வருகிறார்கள்.

---

எடைக்கல்:

கார்த்திகைமழை சார், என் அப்பா காயலான் கடைக்காரர். முதலில் சைக்கிள், அப்புறம் மூன்று சக்கர வண்டி, இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நான் அந்தக் காசில்தான் படித்தேன். கோபத்தில் எழுதவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைக்கு வரும் வயரை எரிப்பது எங்களுக்கும் பிடித்த வேலை இல்லை. உரித்து எடுத்த செம்பு பளபளவென்று இருக்கும், அதற்கு விலை அதிகம். எரித்த செம்பு கறுத்துப்போய் எடையும் குறைந்து வரும், அதற்கு விலை குறைவு. அப்படியிருந்தும் ஏன் எரிக்கிறார்கள்? தடித்த வயரைக் கத்தியால் உரித்துவிடலாம். சார்ஜர் வயர் நூல் மாதிரி, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கால் கிலோ சேராது. அதற்கு மெஷின் இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் வாங்கும் விலையில் இல்லை. அப்பா எரிப்பதை விட்டு நாலு வருடம் ஆகிறது, அம்மாவுக்கு இளைப்பு வந்த பிறகு. மெல்லிய வயரை அப்படியே மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம். அவர் என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. அது எனக்கு உறுத்தல்தான்.

போர்டுகளை ரகம் பிரிப்போம். மொபைல் போர்டு தனி, கம்ப்யூட்டர் மதர்போர்டு தனி, டிவி போர்டு தனி. டிவி போர்டுக்கு மதிப்பே இல்லை. மொபைல் போர்டுக்குத்தான் போட்டி. வாங்குகிறவர்கள் மூட்டை கட்டி வடக்கே அனுப்புவார்கள். தில்லி சீலம்பூர், உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் என்று பேச்சில் அடிபடும். மொராதாபாத்தில் ராமகங்கை ஆற்றங்கரையில் போர்டு எரித்த சாம்பல் கொட்டிக் கிடந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது பற்றிப் படித்தபோது, அதில் எங்கள் கொட்டகையிலிருந்து போன மூட்டையும் இருந்திருக்குமோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் சீல் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பெனி வண்டி தறிவீடு அக்கா ஊருக்கே வராது என்று அவரே எழுதியிருக்கிறார். எங்கள் வண்டிதான் வருகிறது, வாரம் இரண்டு தடவை, கூப்பிட்ட குரலுக்கு. எங்களை எடுத்துவிட்டால் அந்தப் பொருள் ஆலைக்குப் போகாது, ஏரிக்கரைக்குத்தான் போகும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்களுக்கும் ஒரு பதிவு எண் கொடுங்கள். இன்னார் இத்தனை கிலோ கொண்டுவந்தார் என்று ஆலையில் எழுதி, சான்றிதழ் காசில் ஒரு பங்கு எடை பார்த்துக் கையில் கொடுங்கள். டியூபை உடைக்காமல் முழுசாகக் கொண்டுவந்தால் செம்பு விலையைவிடப் பத்து ரூபாய் அதிகம் கிடைக்கும் என்றால், எந்தக் கடைக்காரரும் உடைக்க மாட்டார். எங்கள் அப்பாவிடம் சட்டம் பேசினால் புரியாது, தராசு புரியும்.

---

பற்றாசு:

எடைக்கல் தம்பி சொல்வதற்குச் சாட்சி தறிவீடு அம்மாவின் வண்டியிலேயே இருக்கிறதே. இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் ஏன் முதலில் ஏற்றினார்? புது பேட்டரி வாங்கப் போனால் பழையதைக் கழித்துக்கொண்டு விலை சொல்கிறார்கள், அதனால் ரோட்டில் கிடக்கும் பேட்டரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதிலும் பட்டறையில் ஈயம் உருக்குகிற தப்பு நடக்கிறது, தெரியும். ஆனாலும் பொருள் திரும்பி வருகிறது.

---

பச்சைபோர்டு:

ஆமாம் அண்ணா. அந்த யோசனை 2016 விதிகளிலேயே இருந்தது. வாங்கும்போது ஒரு வைப்புத்தொகை, திருப்பிக் கொடுக்கும்போது அது கைக்கு வரும். ஆனால் கம்பெனி விரும்பினால் செய்யலாம் என்று எழுதிவிட்டார்கள், கட்டாயம் இல்லை. சுவிட்சர்லாந்தில் தொண்ணூறுகளிலிருந்தே பொருளின் விலையோடு ஒரு சிறு கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில்தான் சேகரிப்பை நடத்துகிறார்கள், கடைக்காரர் பழையதை மறுக்க முடியாது. 2022-இல் உலகம் முழுக்க உருவான மின்கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். நம் நாட்டில் 2021-22-க்கு மத்திய வாரியம் சொன்ன கணக்கு 16 லட்சம் டன், சேகரித்தது 5.27 லட்சம் டன். மீதியில் பெரும்பகுதி எடைக்கல் தம்பியின் அப்பா மாதிரி ஆட்கள் கைவழியாகத்தான் போகிறது. அவர்களை விதிக்குள் கொண்டுவராமல் நாங்கள் ஆலையை எத்தனை பெரிதாகக் கட்டினாலும் சரக்கு வராது, இதை எங்கள் மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உள்ளாட்சி விஷயம். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாவற்றுக்கும் 2022 விதிகளில் கடமை எழுதியிருக்கிறது. குப்பையோடு கலந்து வரும் மின்கழிவைத் தனியாகப் பிரித்துப் பதிவுபெற்ற ஆலைக்கு அனுப்ப வேண்டும். தயாரித்த கம்பெனியே இல்லாமல் போன அநாதைப் பொருள்களையும் சேகரித்து அனுப்ப வேண்டும். சேகரிப்பு ஏற்பாடுகள் அமைய உதவ வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி நகராட்சி ஆணையருக்கு மனுவாகக் கொடுங்கள், நகலை மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு டிவிக்காக எந்த ஆலை வண்டியும் 300 கிலோமீட்டர் வராது. ஒரு மினி லாரி நிறைகிற அளவு சேர்ந்தால் வரும், எங்கள் ஆலையே வரும். பேட்டரியையும் பல்பையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள், எல்லாவற்றையும் எடைபோட்டு ரசீது கேளுங்கள், ரசீதில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

---

கார்த்திகைமழை:

எடைக்கல், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். யார் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

---

தறிவீடு:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மனு கொடுத்தேன். முதல் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது தடவை விதியின் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோனதும் சுகாதார ஆய்வாளர் ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்தார், நல்ல மனிதர். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பூட்டியிருந்த அறையை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திறந்து கொடுத்தார்கள்.

வீடு வீடாகச் சொல்ல ஆளில்லை. அதே காயலான் கடை அண்ணனிடம்தான் கேட்டேன், முழு டியூபாகக் கொண்டுவந்தால் டிவிக்கு ஐம்பது ரூபாய், எங்கள் தெருவில் வசூல் செய்து கொடுக்கிறோம் என்று. நான் பத்து வரும் என்று நினைத்தேன். 41 டிவி வந்தது, அதில் 33 அதே 14 அங்குலம். ஒரு பாட்டி டிவியைத் துணியால் துடைத்து, ரிமோட்டை நூலால் கட்டி, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

போன வியாழக்கிழமை லாரி வந்தது. எடை, ரசீது எல்லாம் சரி. டியூப்கள் போகிற வழியில் உடையாமல் இருக்க அடியில் வைக்கோல் போட்டு ஏற்றியது அண்ணன்தான். எடைக்கல் தம்பி, அவருக்கு உங்கள் அப்பாவின் எண் வேண்டுமாம். மெல்லிய வயரை எரிக்காமல் என்ன செய்வது என்று கேட்கிறார். தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?